சுமை வண்டியின் ஸ்பிரிங் போல்ட்டுகள்: சோதிக்கும் முறையும் முடுக்கும் முறையும்

விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்பை அடுத்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் மகாராஜபுரம். சதுரகிரிக்குச் செல்லும் அன்பர்கள் தாணிப்பாறையை அடைவதற்கு முன் இவ்வூரைக் கடந்தே செல்வர். சுற்றிலும் தென்னந்தோப்புகளும் மாந்தோப்புகளும் நெல் வயல்களும் நிறைந்த இப்பகுதியில், விளைந்த பொருள் விலையாக வேண்டுமாயின் அது கிருஷ்ணன்கோவிலுக்கோ, ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ, ராஜபாளையத்துக்கோ சென்றாக வேண்டும். முற்காலத்தில் இப்பணியை மாட்டு வண்டிகள் செய்து வந்தன. இன்று அதனைச் செய்வன சிறு சுமை வண்டிகள். 2005ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தார் ஏஸ் என்னும் சிறு வண்டியை வெளியிட்டபோது நம் மக்கள் அதற்குக் ‘குட்டி யானை’ என்று பெயரிட்டனர். அதன் பின்னர் பிக்கப் எனப்படும் சற்றுப் பெரிய வண்டிகளும் பல ஊர்களில் பெருகியுள்ளன. கடன் பெற்று வண்டி வாங்கி, அதனை ஓட்டியே குடும்பம் நடத்தும் இளைஞர்களும் பலர்.

மாட்டு வண்டி வைத்திருந்த உழவர் எவரும், கடையாணியைக் கையால் தொட்டுப் பாராமல் வண்டியைப் பூட்டியதில்லை. ஓர் ஆணி கழன்றால் சக்கரம் கழலும் என்பதை அவர் கண்ணால் கண்டவர். மோட்டார் வண்டியிலோ, அத்தகைய ஆணிகள் தரைக்கும் தட்டுக்கும் இடையே, சேறும் கிரீசும் மூடிய இடத்தில் மறைந்துள்ளன. மறைந்திருப்பதனாலேயே அவை மறக்கப்படுகின்றன. அவற்றுள் முதன்மையான ஸ்பிரிங் போல்ட்டுகளைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம்.

பட்டையும் அதன் கட்டும்

சுமை வண்டியின் பின்னச்சை இருபுறமும் தாங்குவன எஃகுப் பட்டைகள். நீளமான பட்டை மேலும், குறுகியவை அதன்கீழ் ஒன்றன்பின் ஒன்றாகவும் அடுக்கப்பட்டிருக்கும். மேற்பட்டையின் இரு முனைகளும் வளையமாகச் சுருட்டப்பட்டுச் சட்டத்தோடு இணைக்கப்பட்டுள்ளன. ஒரு முனை நிலையாக நிற்கும். மறுமுனை ஷாக்கிள் என்னும் ஊசல் துண்டில் தொங்கும். சுமை ஏறும்போது வளைந்த பட்டை நிமிர்ந்து நீளுமன்றோ? அந்த நீட்சிக்கு இடமளிப்பதே ஷாக்கிளின் வேலை.

அடுக்கின் நடுவே துளையிட்டு ஒரு சிறிய போல்ட்டு செருகப்பட்டிருக்கும். இதனை சென்டர் போல்ட்டு என்பர். இதன் தலை, அச்சின்மீதுள்ள ஒரு குழியில் பொருந்தி உட்கார்ந்து, அச்சு இருக்க வேண்டிய இடத்தைக் குறிக்கிறது. இதற்கு முன்னும் பின்னுமாக, தமிழ் எழுத்தாகிய ‘ப’ வடிவில் வளைத்த இரண்டு போல்ட்டுகள் அச்சையும் பட்டையடுக்கையும் சேர்த்து இறுக்குகின்றன. இவையே யு போல்ட்டுகள். ஒரு பக்கத்துக்கு இரண்டு போல்ட்டு, நான்கு நட்டு. பின்னச்சு முழுமைக்கும் நான்கு போல்ட்டு, எட்டு நட்டு. முன்பக்கமும் பட்டை உள்ள வண்டியாயின் இக்கணக்கு இரட்டிக்கும்.

இங்கே பலர் தவறாக எண்ணுவது ஒன்றுண்டு. அச்சை அதன் இடத்தில் பிடித்து நிறுத்துவது சென்டர் போல்ட்டு என்று அவர்கள் கருதுகிறார்கள். அஃது இடத்தைக் காட்டுவதேயன்றிச் சுமையைத் தாங்குவதன்று. வண்டி புறப்படும்போது அச்சு முன்னோக்கித் தள்ளுகிறது. பிரேக் போடும்போது பின்னோக்கி இழுக்கிறது. இவ்விரு விசைகளையும் தாங்குவது யு போல்ட்டுகளின் இறுக்கத்தால் பட்டைக்கும் அச்சுக்கும் இடையே தோன்றும் உராய்வேயாகும். இறுக்கம் குறைந்தால் அவ்வளவு விசையும் ஒரு விரல் பருமனுங்கூட இல்லாத சென்டர் போல்ட்டின் மீது விழும். அது எத்தனை நாள் தாங்கும்?

இன்னொரு கேடும் உண்டு. பட்டையில் துளையிட்ட இடம் வலுக்குறைந்த இடம். யு போல்ட்டுகள் இறுக்கமாக இருக்கும் வரையில் அந்த நடுப்பகுதி வளைவதில்லை. வளைவெல்லாம் வெளிப்புறத்திலேயே நிகழும். நட்டு தளர்ந்தவுடன் நடுப்பகுதியும் வளையத் தொடங்குகிறது. பல்லாயிரம் முறை வளைந்த பின்னர், துளையின் குறுக்கே பட்டை ஒடிகிறது. ‘பட்டை மட்டம், கம்பெனி சரியில்லை’ என்று கடைக்காரரை நொந்துகொள்வோர், ஒடிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்க்கட்டும். ஒடிவு துளையின் வழியே சென்றிருந்தால் முதலில் ஐயுற வேண்டியது யு போல்ட்டின் தளர்ச்சியையே.

நட்டு ஏன் தளர்கிறது?

முடுக்கிய நட்டு தானாக எப்படிக் கழலும் என்ற வினா நெடுங்காலம் பொறியாளர்களையும் மயக்கியது. ஜெர்மானியப் பொறியாளரான கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இதற்குத் தெளிவான விடை கிடைத்தது. மேலும் கீழுமாக ஏற்படும் அதிர்ச்சியைவிட, இறுக்கப்பட்ட இரு பொருள்கள் பக்கவாட்டில் ஒன்றன்மீதொன்று நழுவுவதே நட்டை மிக விரைவாகத் தளர்த்துகிறது என்று அவர் காட்டினார். சாய்வான பலகையின்மீது ஒரு நெல் மூட்டையை வைத்தால் அது உராய்வினால் நிற்கும். பலகையைப் பக்கவாட்டில் ஆட்டினாலோ, மூட்டை மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிடும். நட்டின் மரையும் சுருண்டு கிடக்கும் ஒரு சாய்வுப் பலகையே. போதிய இறுக்கம் இருந்தால் நழுவலே ஏற்படாது. நழுவலின்றேல் தளர்ச்சியும் இல்லை. எனவே, சற்றே தளர்ந்த நட்டு மேலும் மேலும் விரைவாகத் தளரும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

புதிய போல்ட்டு போட்ட வண்டியில் தளர்ச்சிக்கு வேறொரு காரணமும் உண்டு. பட்டைகளுக்கிடையே உள்ள வண்ணப்பூச்சு, துரு, சிறு மேடுகள் ஆகியவை ஓட்டத்தில் நசுங்கிப் படிகின்றன. அடுக்கின் பருமன் மயிரிழையளவு குறைகிறது. அம்மயிரிழையே இறுக்கத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். ஆதலால் யு போல்ட்டு மாற்றிய வண்டியை 500 முதல் 1000 கிலோமீட்டர் ஓடியதற்குள் மீண்டும் சோதித்து முடுக்குவது இன்றியமையாதது. நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 500 கிலோமீட்டர் என்பது ஒரு வாரமே. பட்டறையிலிருந்து வெளிவந்த வண்டியை ‘இப்போதுதானே பார்த்தோம்’ என்று ஆறு மாதம் விட்டுவிடும் வழக்கமே பெரும்பாலான தொல்லைகளுக்கு வித்து.

கண்ணாலும் காதாலும் சோதித்தல்

சோதனையில் பாதி, கருவி ஏதுமின்றிச் செய்யத்தக்கது. சுமை இல்லாத வண்டியைச் சமமான கெட்டித் தரையில் நிறுத்துக. கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை இடுக. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைக் கண்டவர்களுக்கு முட்டுக்கட்டையின் அருமையை நாம் சொல்ல வேண்டுவதில்லை. பின்னர்ச் சேற்றைக் கழுவித் துடைத்துவிட்டு, பட்டையடுக்கைப் பார்க்க வேண்டும். அழுக்கோடு பார்ப்பது பாராமைக்குச் சமம்.

நட்டின் அடியிலோ பட்டைகளின் இடையிலோ செந்நிறப் பொடி கசிந்திருந்தால், அங்கே இரும்பும் இரும்பும் உராய்ந்து தேய்கின்றன என்பது பொருள். துருப்பிடித்த பாகத்தின் நடுவே ஓரிடம் மட்டும் வெள்ளிபோல் பளபளத்தாலும் அதே பொருள்தான். பட்டைகளுக்கிடையே நடுப்பகுதியில் இடைவெளி தெரிதல், ஒரு பட்டை மற்றவற்றினின்று விலகி நிற்றல், வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்றல் ஆகியவற்றையும் குறித்துக்கொள்க.

அடுத்து, சிறு சுத்தியலால் ஒவ்வொரு நட்டையும் பக்கவாட்டில் மெல்லத் தட்டுக. இறுக்கமானது கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும். ஒரு விரலை நட்டின் மறுபுறம் வைத்துக்கொண்டு தட்டினால் அசைவும் தெரியும். இது தளர்ந்ததைக் காட்டுமேயன்றி, முடுக்கியது போதுமா என்பதைக் காட்டாது.

நாம் மிகவும் பரிந்துரைப்பது வண்ணக்கோட்டு முறை. சரியாக முடுக்கிய பிறகு, நட்டின்மீது தொடங்கி, போல்ட்டின் முனைமீதும் அடித்தகட்டின்மீதும் தொடர்ந்து செல்லுமாறு வெள்ளை வண்ணத்தால் ஒரு நேர்கோடு இடுக. நட்டு திரும்பினால் கோடு முறியும். வண்டியோட்டி காலையில் குனிந்து ஒரு நொடி பார்த்தாலே போதும். சிறு டப்பா வண்ணம் ஒன்று, ஊரிலுள்ள எல்லா வண்டிகளுக்கும் ஓராண்டு வரும். ஆனால் போல்ட்டே நீண்டு இறுக்கம் குறைந்திருந்தால், நட்டு திரும்பாமையால் கோடு முறியாது. அதனால் கோட்டை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் இருந்துவிடலாகாது.

அச்சு இடம் பெயர்ந்துள்ளதா என்பதை ஒரு நாடாவால் அறியலாம். முன்சக்கரங்களை நேராக வைத்து, முன்சக்கரத்தின் மையத்திலிருந்து பின்சக்கரத்தின் மையம் வரையில் இரு பக்கமும் அளந்து ஒப்பிடுக. ஒரு பக்கம் குறைந்திருப்பின், அப்பக்கத்துச் சென்டர் போல்ட்டு அறுந்திருக்கக்கூடும். அத்தகைய வண்டி நேரே செல்லாமல் நண்டுபோல் சற்றுச் சாய்ந்து செல்லும். பின்னே வருபவர் எளிதில் காண்பர். அதனைச் சுமையோடு கிருஷ்ணன்கோவிலுக்கு அப்பால் கொல்லம் நெடுஞ்சாலையில் ஏற்றுவது, ஓட்டுபவரையும் எதிரே வருபவரையும் ஒருங்கே ஆபத்துக்கு உட்படுத்துவதாகும். அச்சு பெயர்ந்தால் அதனோடு இணைந்த பிரேக் குழாயும் இழுபட்டு அறுபடலாம் என்பதை நினைவிற் கொள்க.

முடுக்கும் அளவு

‘எவ்வளவு முடுக்குவது?’ என்று கேட்டால், ‘கை வலிக்கும் வரை’ என்று விடை கூறும் பட்டறைகள் உண்டு. கைக்குக் கை வலிமை மாறுபடுமே! நட்டைத் திருப்பும் விசையில் ஏறக்குறைய 50 பங்கு நட்டின் அடிப்பரப்பு உராய்வுக்கும், 40 பங்கு மரையின் உராய்வுக்கும் போய்விடுகின்றன. எஞ்சிய 10 பங்கே போல்ட்டை இழுத்து இறுக்குகிறது. எனவே மரையில் துரு இருந்தால் உராய்வு மிகுந்து, கை வலித்தும் இறுக்கம் போதாது. எண்ணெய் இருந்தால் உராய்வு குறைந்து, அதே விசைக்கு இறுக்கம் அளவு கடந்து போல்ட்டு நீண்டுவிடும். வண்டியின் கையேடு மரையில் எண்ணெயிடச் சொல்கிறதா, உலர்ந்ததாக வைக்கச் சொல்கிறதா என்று பார்த்து அவ்வாறே செய்ய வேண்டும்.

திருப்பு விசையை நியூட்டன் மீட்டர் என்னும் அளவையால் குறிப்பர். ஏற்றத்தையும் நெம்புகோலையும் அறிந்த உழவர்க்கு இது கடினமன்று. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் முனையில் 30 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தினால், ஏறத்தாழ 88 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது. அதே ஸ்பேனரில் குழாய் செருகி 60 சென்டிமீட்டராக நீட்டி, அதே அழுத்தம் கொடுத்தால் 176. குழாயை மேலும் நீட்டி, இருவர் தொங்கினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அளவு அதன் கையேட்டில் குறிக்கப்பட்டுள்ளது. ஒரு வண்டியின் அளவை வேறொரு வண்டிக்குக் கொள்வது தவறு. ஆதலின் நாம் இங்கே எண் எதனையும் தரவில்லை.

அளவோடு முடுக்குவதற்கு டார்க் ரெஞ்சு என்னும் கருவி வேண்டும். குறித்த அளவை அதில் வைத்து முடுக்கினால், அவ்வளவு எட்டியதும் ‘கிளிக்’ என்று ஒலிக்கும். ஏற்கெனவே முடுக்கியதைச் சோதிக்கும்போது நட்டைத் தளர்த்தலாகாது. முடுக்கும் திசையிலேயே இழுக்க வேண்டும். நட்டு அசையாமலே ஒலித்தால் நன்று. அசைந்து பின்னர் ஒலித்தால் அது தளர்ந்திருந்தது எனக் கொண்டு, ஒரு வாரத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். அப்போதும் தளர்ந்திருந்தால் திரும்பத் திரும்ப முடுக்கிக்கொண்டிராமல் போல்ட்டை மாற்றிவிடுக.

நான்கு நட்டுகளையும் ஒருசேர இறுக்க வேண்டும். முன்புறத்து உள் நட்டு, பின்புறத்து வெளி நட்டு, முன்புறத்து வெளி நட்டு, பின்புறத்து உள் நட்டு என்று குறுக்காக மாற்றி மாற்றி, முதல் சுற்றில் பாதியளவும், அடுத்த சுற்றில் முக்காலளவும், இறுதியில் முழு அளவும் முடுக்குக. ஒரு நட்டை முழுவதும் முடுக்கிவிட்டு அடுத்ததற்குச் சென்றால், அடுக்கு ஒருபுறமாகச் சாய்ந்து அமரும். இறுதிச் சுற்றின்போது வண்டியின் எடை சக்கரங்களின்மீது நிற்க வேண்டும், ஜாக்கியில் தொங்கலாகாது.

பட்டை முனைகளிலுள்ள போல்ட்டுகளுக்கு இவ்விதி இன்னும் கட்டாயமானது. அங்கே ரப்பர் புஷ் உள்ள வண்டியாயின், போல்ட்டை முடுக்கியதும் புஷ்ஷின் உட்குழல் அசையாமல் பிடிபடும். பட்டை அசையும்போது ரப்பர் முறுகிக் கொடுக்கும். சக்கரம் தொங்கும் நிலையில் முடுக்கினால், வண்டி தரையில் இறங்கியவுடனே ரப்பர் முறுகிய நிலையிலேயே நிற்கும். சில மாதங்களில் கிழிந்துவிடும். உலோகப் புஷ்ஷும் கிரீஸ் நிப்பிளும் உள்ள பழைய வகையில் கதை வேறு. அங்கே ஊசி அசைய வேண்டும், ஆகவே ஷாக்கிள் பிடித்துக்கொள்ளும்படி முடுக்குதல் கூடாது. பட்டை கிறீச்சிடுகிறது என்று டீசலையும் பழைய எஞ்சின் எண்ணெயையும் தெளிப்பவர்கள், ரப்பர் புஷ் ஊதி அழிவதையும் பிரேக்கில் எண்ணெய் படுவதையும் எண்ணிப் பார்ப்பதில்லை. அவ்வெண்ணெய் ஓடையிலும் கண்மாயிலும் கலப்பதையோ எவருமே எண்ணுவதில்லை!

ஷாக் அப்சார்பரின் மேல் கீழ் போல்ட்டுகளையும், சக்கர நட்டுகளையும் இதே வேளையில் பார்த்துவிடலாம். சக்கரம் கழற்றி மாட்டிய வண்டியில், சிறிது தூரம் ஓடிய பின் நட்டுகளை மீண்டும் முடுக்குதல் வேண்டும்.

போல்ட்டு வாங்கும்போது

கழற்றிய யு போல்ட்டை மறுபடியும் பயன்படுத்தலாகாது. ஒருமுறை இழுபட்ட மரை மீண்டும் அதே இறுக்கத்தைத் தராது. நட்டும் புதியதாகவே இருக்க வேண்டும். செலவை எண்ணி ஒன்றை மட்டும் மாற்றாமல், அப்பக்கத்து இரண்டையும் மாற்றுக.

நல்ல போல்ட்டுகளில் 8.8 அல்லது 10.9 என்பது போன்ற எண் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண்ணை நூறால் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு எத்தனை நியூட்டன் விசையில் அது அறும் என்பது தெரியும். இரண்டாம் எண், அவ்வலிமையில் பத்தில் எத்தனை பங்கு வரையில் நிலையாக நீளாமல் தாங்கும் என்பதைக் குறிக்கும். ஆக, 10.9 என்பது 1000 நியூட்டனில் அறுவது. 900 வரையில் தாங்குவது. எண் பொறிக்காத கம்பியை உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்து, மரை வெட்டித் தருவோர் உள்ளனர். கலப்பைக்கும் கதவுக்கும் அது போதும். சுமை வண்டிக்குப் போதாது. பதப்படுத்திய எஃகைக் காய்ச்சினால் அதன் பதமே போய்விடும். அறுந்த போல்ட்டைப் பற்றவைத்துப் பூட்டுவது அதனினும் கொடிது.

சுமையும் பாதையும்

எத்தகைய போல்ட்டும் அளவுக்கு மிஞ்சிய சுமையைப் பொறுக்காது. உரிக்காத தேங்காய் ஒன்று 1.2 கிலோ எனக் கொண்டால், 1000 காய் 1200 கிலோ ஆகிறது. முதலில் வந்த குட்டி யானைக்கு விதித்த சுமையோ சுமார் 750 கிலோ. கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பத்தில் 18 ஏற்றினாலே 720 ஆகிவிடும். தட்டில் இடம் இருக்கிறது என்பதற்காக ஏற்றுவது பெரும் பிழை. பட்டை கூட்டிக் கட்டினால் சுமை கூட்டலாம் என்பார் சிலர். பட்டை தாங்கலாம், அச்சும் பிரேக்கும் டயரும் தாங்குமா? அன்றியும், 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் மிகைச் சுமைக்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கிறது. சுமை வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கும் திருமணத்துக்கும் செல்வதும் சட்டத்துக்குப் புறம்பானதே. தேங்காய் சிதறினால் பொறுக்கிக் கொள்ளலாம்.

உரமூட்டை ஏற்றிய வண்டியைக் கட்டாயம் கழுவ வேண்டும். பொட்டாஷ் உரம் ஈரத்தோடு சேர்ந்து இரும்பை அரிக்கும். மலையடிவாரத்துத் தோப்புப் பாதைகளில் ஓடும் வண்டிகளுக்கு, கையேடு குறிக்கும் சோதனைத் தூரத்தில் பாதியைக் கொள்வது தக்கது என்பது நம் கருத்து. கையேட்டை எழுதியவர் தார்ச்சாலையை மனத்திற் கொண்டே பெரிதும் எழுதினார்.

வண்டியின் அடியில் படுத்துப் பார்க்க நேர்ந்தால், ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்கலாகாது. இரும்புத் தாங்கிகளை அச்சின் இருபுறமும் கொடுத்து, வண்டியை ஆட்டிப் பார்த்த பின்னரே உட்செல்ல வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் தாங்கியாகா. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்குவன. ஈரமண்ணில் ஜாக்கி புதையும்.

ஊராட்சி இதில் செய்யத்தக்கவை இரண்டு. டார்க் ரெஞ்சை ஒவ்வொரு வண்டிக்காரரும் வாங்குதல் இயலாது. அதற்கு அவசியமுமில்லை. உழவர் உற்பத்தியாளர் குழுவோ, வண்டி வைத்திருப்போர் சிலர் கூடியோ ஒன்றை வாங்கிப் பொதுவில் வைக்கலாம். வேலை முடிந்ததும் அளவைக் கீழே இறக்கி வைத்துவிட வேண்டும். கழற்றுவதற்கு அதனைப் பயன்படுத்தலாகாது. இவ்விரண்டையும் பெட்டியின்மேல் எழுதி ஒட்டிவிடுவது நல்லது. ஒரு நோட்டில் வண்டி எண், தேதி, ஓடிய கிலோமீட்டர், எந்த நட்டு அசைந்தது என நான்கு பத்தி வரைந்து குறித்து வந்தால், ஒரே நட்டு திரும்பத் திரும்பத் தளர்வது எழுத்திலேயே புலப்படும்.

மற்றொன்று பாதை. தோப்புக்குள் செல்லும் வழியில் வாய்க்கால் குறுக்கிடும் இடங்களில் குழாய்ப் பாலம் உடைந்தும், ஓரம் அரித்தும் கிடப்பதுண்டு. ஒரு சக்கரம் மட்டும் அப்பள்ளத்தில் இறங்கி ஏறும்போது, சுமை முழுதும் ஒரு பக்கத்துப் பட்டையின் மேல் சாய்கிறது. நாம் மேலே விவரித்த பக்கவாட்டு நழுவல் அங்கேதான் மிகுதி. ராஜபாளையத்துச் சப்பட்டையும் பஞ்சவர்ணமும் சந்தைக்கு வரும் பருவத்தில்தான் மே 1ஆம் நாள் கிராம சபையும் கூடுகிறது. எந்தப் பாதையில், எந்த வாய்க்கால் கடவில், எத்தனை வண்டிகளுக்குப் பட்டை ஒடிந்தது என்பதை அந்நோட்டிலிருந்து படித்துக் காட்டி, அவ்விடத்தைச் சீர்செய்யும்படி தீர்மானத்தில் எழுதிக் கேட்கலாம்.